ரெண்டேகால் வளையல்

வலது முழங்கால் சில்லு அதன் இடத்தில்தான் இருக்கிறதா என்று திலகவதி சேலைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. இப்போதைக்கு இருந்தது. கால் மேல் கால் போடக் கூடாது, காலை நாற்காலிக்கு அடியில் மடக்கக் கூடாது, ஒரு பக்கமாகச் சாயக் கூடாது, ரெண்டு பாதமும் தரையில் பட வேண்டும், இடுப்பு நாற்காலியின் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். முன்னால் கூடம் முழுக்கப் பெண்கள். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய சம்பந்தி வீட்டுக் கூடம். நடுவில் புதுப் பாய், பாய் மேல் மரப்பலகை மணை, மணையில் அண்ணன் மகள் சிந்துஜா, ஏழாம் மாத வயிற்றோடு, அரக்குப் பட்டில், சம்மணம் போட்டு. நாற்காலியில் உட்கார வைக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, "எங்க வீட்டுல மணைதான். நான் உக்காந்தேன், எங்க மாமியா உக்காந்தாக," என்று சிந்துஜாவின் மாமியார் கனகமணி சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிந்துஜாவும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். உட்காரும்போது அவள் வலது கையைத் தரையில் ஊன்றிய விதத்தைத் திலகவதி மட்டும் பார்த்தாள். முழங்கை நேரானது. நேரானதோடு நிற்காமல், எதிர்ப்பக்கமாக, பச்சைக் கம்பை வளைத்த மாதிரி இன்னும் கொஞ்சம் போனது. அப்புறம்தான் நின்றது.

அந்த இன்னும் கொஞ்சம்தான் எல்லாமே. மற்றவர்கள் உடம்பில் மூட்டுக்கு மூட்டு ஒரு சுவர் இருக்கிறது, நீட்டிய கை அந்தச் சுவரில் முட்டி நின்றுகொள்ளும், அவர்கள் அதைப் பற்றி நினைப்பதே இல்லை, அவர்கள் பாட்டுக்குத் துணி பிழிகிறார்கள், குடம் தூக்குகிறார்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறார்கள். திலகவதிக்குச் சுவர் கிடையாது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அவளேதான் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும், ஞாபகமாக. எலும்பு சரி, தசை சரி, ஒன்றையொன்று சேர்த்துப் பிடித்திருக்கும் பசைதான் சரியில்லை, பிறவியிலேயே சரியில்லை, இனிச் சரியாகவும் ஆகாது என்று ஹாம்பர்க்கில் ஒரு டாக்டரம்மா சொன்னபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. நாற்பது வருஷம் சுளுக்கு, பிடிப்பு, வாய்வு, சோம்பல், நொண்டிச் சாக்கு என்று பெயர் மாற்றி மாற்றி வந்த ஒன்றுக்கு அன்றைக்குத்தான் ஒரே பெயர் கிடைத்தது. இணைப்புத் திசுக் கோளாறு. தமிழில் அதைச் சொல்லிப் பார்த்தாள், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் சொல் மாதிரி இருந்தது, வலிக்கிற சொல் மாதிரி இல்லை. மருந்து இல்லை, காவல்தான் உண்டு என்றார்கள். உடற்பயிற்சி சொல்லித்தந்த பிரிகிட்டே என்ற பெண், போக முடிகிற தூரம் வரைக்கும் போகாதே, கொஞ்சம் மிச்சம் வை என்றாள், எதை நீட்டினாலும், எதை மடக்கினாலும் மிச்சம் வை. அன்றிலிருந்து மிச்சம் வைத்தே வாழ்கிறாள். காலையில் காபிக்கு முன்னால் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி மெல்ல இழுத்து இழுத்து, பசைதான் இல்லை தசையாவது காவல் காக்கட்டும் என்று. ஊறுகாய் பாட்டிலை விரலால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திறந்து. படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை, கைக்கு ஒரு தலையணை, இல்லாவிட்டால் தூக்கத்தில் தோள் நழுவும். களைப்பு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னாலேயே ஓய்வு, இதுதான் இங்கே ஒருத்தருக்கும் விளங்கவில்லை. "நாமெல்லாம் வேலை செஞ்சுட்டுப் படுப்போம், திலகா படுத்துட்டு வேலை செய்யுறா," என்று சிந்துஜாவின் அம்மா, மதினி விஜயராணி, ஒருநாள் அடுக்களையில் சொல்லிச் சிரித்தாள், திலகவதியும் சேர்ந்து சிரித்தாள், சிரித்தால் முடிந்துபோகும் என்று. ஒரு கணம் மறந்தால் போச்சு. மறக்காமல் இருப்பதே ஒரு வேலை, சம்பளமும் லீவும் இல்லாத வேலை.

கனகமணி வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய காப்பை முதலில் போட்டார். குலவை எழுந்தது, நாக்குகள் சுழன்று சுழன்று, கூடத்துச் சுவரில் மோதித் திரும்பி, திலகவதியின் காதுக்குள்ளே ஏதோ எலும்பு அதிர்ந்த மாதிரி இருந்தது. சந்தனம், குங்குமம், பன்னீர். அடுத்துக் கண்ணாடி வளையல்கள், பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பச்சையும் சிவப்புமாக மதினி மதுரையில் கடை கடையாக ஏறி வாங்கி வந்தவை. வேனில் வரும்போதே திலகவதி ஒன்றை எடுத்துத் தன் விரல்களுக்குள் விட்டுப் பார்த்து, "என்ன மதினி, ரெண்டேகாலா? மாசமா இருக்கிற பிள்ளைக்குக் கை வீங்கியிருக்காதா?" என்று கேட்டாள். அது எட்டாங்கிளாஸ் பிள்ளை போடுகிற அளவு. மதினி முகத்தில் ஒரு பெருமை வந்தது பார், அதைச் சொல்ல வேண்டும். "எம் மகளுக்கு வழுக்கிட்டுப் போகும். மாமியா கைல்ல அவளுக்கு." மாமியா என்றால் திலகவதியின் அம்மா. ரெண்டேகால் அந்த வீட்டின் பெருமை. கடைக்காரன் கையைப் பிடித்து அழுத்தி, எலும்பு இருக்கா இல்லையா தாயி, பூவால்ல செஞ்சிருக்கு, என்று சொல்வதைக் கேட்பதற்காகவே அம்மா வளையல் கடைக்குப் போவாள். சின்ன வளையல் நுழைகிற கை அதிர்ஷ்டக் கை, போகிற வீட்டில் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுப்பாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லாமல் சொல்கிற சேதி அது. விருந்தாளி வந்தால் அம்மா கூப்பிடுவாள், "திலகா, வெரலைக் காட்டு." திலகா கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டில் படிய வைத்துக் காட்டுவாள், சுண்டுவிரலைப் பின்னால் மடக்கிப் புறங்கையில் தொட்டுக் காட்டுவாள், எல்லோரும் கை தட்டுவார்கள், ஒரு மாமா எட்டணா கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி விரல்கள் குடையும். கை தட்டலுக்கும் குடைச்சலுக்கும் சம்பந்தம் இருந்தது என்று அந்த வயதில் எப்படித் தெரியும். அம்மாவுக்கே தெரியவில்லையே. அம்மா நாற்பது வயதில் மத்தியானமெல்லாம் படுத்துக் கிடந்தாள், பூண்டு வதக்கித் தின்றாள், வாய்வு வாய்வு என்றாள், அப்பா நாலு பேர் முன்னால் சீக்காளிக் கோழி என்று கூப்பிட்டார், அம்மா அதற்கும் வளைந்து கொடுத்தாள்.

ஒவ்வொரு பெண்ணாகப் போனார்கள். மதினி ஒருத்தி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அவள் எழுந்து, தலைப்பைச் செருகி, பாயில் மண்டியிட்டு, சிந்துஜாவின் கன்னத்தில் சந்தனம் பூசி, கையை எடுத்து, நாலு விரலையும் குவித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி அமுக்கி, வளையலை ஏற்றுவாள். ஏறும். எல்லோருக்கும் ஆச்சரியம். "அடேயப்பா, வெண்ணெயா கையி?" "வீங்கித்தான் இருக்கு, ஆனாலும் போகுதே!" போகும். போகத்தான் செய்யும். வீங்கிய கையில் ரெண்டேகால் வளையல் ஏற வேண்டுமென்றால் ஏதோ ஒன்று இடம் விட்டாக வேண்டும், கட்டைவிரலின் அடிமூட்டு இடம் விடும், தன் இடத்தை விட்டுவிட்டே இடம் விடும். பிள்ளைத்தாச்சி உடம்பில் எல்லாப் பெண்களுக்கும் மூட்டு கொஞ்சம் இளகும், வழி விடுவதற்காக, ஏற்கெனவே இளகிக் கிடக்கிற உடம்பில் அது எங்கே போய் நிற்கும்? சிந்துஜா சிரித்துக்கொண்டிருந்தாள். திலகவதிக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். பல் தெரியும், கண் கொஞ்சம் அகலமாகும், மூச்சு மட்டும் உள்ளே நின்றுபோகும். கண்ணாடி முன்னால் நின்று பழகாமலேயே வந்துவிடுகிற சிரிப்பு. கல்யாண வீட்டில், ஆபீஸில், புருஷனுக்குப் பக்கத்தில் கட்டிலில்.

ஜெர்மனியில் வலியை எண்ணால் கேட்பார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை? திலகவதி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள். இடுப்பில் இருப்பது உளைச்சல், தோளில் இருப்பது குடைச்சல், கணுக்காலில் கடுப்பு, கழுத்தில் இழுப்பு, விரல்களில் ஒரு நமைச்சல் மாதிரி, நமைச்சலும் இல்லை, மழைக்கு முந்தி மரக்கதவு உப்புவதுபோல ஒன்று, இதையெல்லாம் கூட்டி வகுத்து எந்த எண்ணைச் சொல்வது. ஆறு என்பாள். எப்போதும் ஆறு. இங்கே வந்தால் எண் கேட்கிறவர்கள் இல்லை, சொல் நிறைய இருக்கிறது, ஆனால் சொன்னால் கேட்க ஆள் இல்லை. உளைச்சலா, எனக்குந்தான், யாருக்குத்தான் இல்லை, என்று அடுத்தவர் தன் முட்டியைப் பிடித்துக்கொள்வார். அங்கேயே இருந்திருக்கலாம். குளிரில் மூட்டெல்லாம் இறுகி, ஒருவிதத்தில் அது நல்லதாகக்கூட இருந்தது. இல்லை, இருந்திருக்க முடியாது. ரெண்டு தடவை கரு நின்று, ரெண்டு தடவையும் தங்கவில்லை, ரெண்டாவது தடவை ரத்தம் நிற்காமல் போய், கண் விழித்தபோது புருஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கப்புறம் அவர் ஜன்னலிலிருந்து முழுக்கத் திரும்பவே இல்லை. கெட்டவர் இல்லை. பார்த்துப் பார்த்துத் தொட வேண்டிய உடம்போடு எத்தனை வருஷம் ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதை யோசிக்க வேண்டாம். பாதம் தரையில் இருக்கிறதா? இருக்கிறது.

"நீங்கதான் ஜெர்மனி அத்தையா?" பக்கத்து நாற்காலிக் கிழவி கேட்டார். தரையில் உட்கார முடியாதவர்களுக்கென்று ஃபேனுக்கு அடியில் போட்டிருந்த ரெண்டு நாற்காலியில் ஒன்று அவருடையது. "ஆமாம்மா." "எனக்கு எழுவத்தெட்டு, கீழ உக்கார முடியல. ஒங்களுக்கு என்ன?" "மூட்டு வலி." "இந்த வயசுலயா? அங்கன எல்லாம் மெசினுதான், குனிய வேண்டியதில்ல, நிமிர வேண்டியதில்ல, அதான்." திலகவதியின் வலது கட்டைவிரலில் மாட்டியிருந்த வெள்ளியைப் பார்த்தார். "இதென்ன ஃபேசன், வெரலைச் சுத்தி எட்டு போட்ட மாதிரி?" "சும்மா, மோதிரம்மா." விரல் பின்னால் வளைந்து நழுவாமல் பிடித்துக்கொள்கிற கட்டு அது, பிளாஸ்டிக்கில் கூடக் கிடைக்கும், நோயாளி மாதிரித் தெரிய வேண்டாம் என்று வெள்ளியில் செய்து வாங்கியது. "பிள்ளைக எத்தனை?" "இல்லம்மா." கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அது அவர் பெருந்தன்மை, தாம்பாளத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், "ஓ, அதான் இங்கன உக்காந்திருக்கீகளா," என்றார். அதுதான். மதினி வாய் விட்டுச் சொல்லவில்லை. வந்தவுடன், "திலகா, ஒனக்கு முட்டி வலிக்கும்ல, காத்தாட இங்க உக்காரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள், பாயிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில். புருஷனோடு இல்லாதவள், பெறாதவள். அதோடு வாய் இருக்கிறவள். இந்த மூன்றாவதுதான் முக்கியம்.

காலையில் வேன் கிளம்புவதற்கு முன்னால் அடுக்களையில் வைத்து மதினி கையைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கிப் பிடித்தாள், திலகவதியின் மணிக்கட்டு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. "அங்க வந்து இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. ஒனக்குப் புண்ணியமாப் போகும்." "மதினி, டாக்டர்கிட்டயாவது சொல்லணும். அம்மாவுக்கு ஆனது ஞாபகம் இருக்குல்ல." "டாக்டரு யாரு? சம்பந்தியோட தங்கச்சி மருமக. அவகிட்ட சொன்னா அன்னைக்குச் சாயங்காலமே இங்க தெரிஞ்சிரும். பரம்பரைச் சீக்குன்னு தெரிஞ்சா என்ன பேசுவாக? மறைச்சுக் கட்டி வச்சுட்டீகன்னு சொல்ல மாட்டாகளா? பெத்து எந்திரிக்கட்டும். பிள்ளையக் கையில குடுத்துட்டா அப்புறம் யாரு என்ன சொல்ல முடியும்?" அண்ணன் வாசலில் நின்று கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான், அந்தக் கடிகாரத்துக்குச் சாவியே கிடையாது. "பேசிக்கலாம் திலகா," என்றான். சிந்துஜா கல்யாணத்தின்போதும் அதைத்தான் சொன்னான், பேசிக்கலாம், ஏன் நொண்டுறேன்னு யாராவது கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு. சொன்னாள். அம்மாவுக்கு ஆனது என்றால், திலகவதி பிறந்தபோது நடந்தது. குழந்தை வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை, கிழிந்த இடத்தில் தையல் பிடிக்கவில்லை, நூல் போட்டால் நூலோடு சதையும் வந்தது, மரத்துப்போக ஊசி போட்டும் மரக்கவில்லை என்று அம்மா கத்தினாள், கத்தாதே என்று அடி விழுந்தது. ரெண்டு நாள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். இதெல்லாம் வீட்டில் வேடிக்கைக் கதை. ஒன்னப் பெத்ததுக்கு நாலு பாட்டில் ரத்தம்டி, ராணி பொறந்தாப்புல, என்று அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வாள். சிந்துஜாவுக்கும் அப்படித்தான் ஆகும் என்று யார் சொன்னது. ஆகாமலும் போகலாம். எத்தனையோ பேர் சுகமாகப் பெற்றிருக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால், ரத்தம் தயாராக இருந்தால், காலை எவ்வளவு அகட்டலாம் எவ்வளவு கூடாது என்று பிடித்திருக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால். தெரிந்திருந்தால் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள், மதினி, அண்ணன், சம்பந்தி, சம்பந்தியின் தங்கச்சி மருமகள், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, வேலி மாதிரி. தொலைபேசியில் சிந்துஜாவிடமே சொல்லப் பார்த்தாள். "நல்லா இருக்கேன் அத்தை," என்றது குரல், அதற்குள் மதினி இவள் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள். நல்லா இருக்கேன். அதுவும் ஆறு மாதிரிதான்.

சிந்துஜாவின் ஏழு வயதில் ஒருநாள். திலகவதி லீவுக்கு வந்திருந்தாள், சாப்பாட்டு மேஜையில் பாட்டிலைத் திருகும்போது விரல் நழுவிவிட்டது, யாரும் பார்க்காமல் மேஜைக்கு அடியில் கையை வைத்து இழுத்து உள்ளே தள்ளினாள், குனிந்து பார்த்தால் அடியில் சிந்துஜா, பொம்மையோடு, வாய் பிளந்து. பயந்துவிட்டாள் என்று நினைத்தாள். பயப்படவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து எல்லோர் முன்னாலும், "அத்தை, எனக்கும்," என்று கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டில் படிய வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அம்மா, அத்தை இன்னும் போடலையே," என்று சிந்துஜாவின் குரல் கேட்டது. இப்போது, கூடத்தில், இருபத்தேழு வயதுக் குரல். மதினி காது கேட்காதவள் போலத் தாம்பாளத்தில் வளையல்களை அடுக்கினாள். "அத்தை முட்டி வலின்னு உக்காந்திருக்கு கண்ணு, அப்புறம் போடட்டும்." "இல்லம்மா. அத்தைதான் போடணும். இப்ப." செல்லம் கொஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள், சிரிப்பு மாறவில்லை, ஆனால் அந்த 'இப்ப' மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கனகமணி மதினியைப் பார்த்தார், மதினி அண்ணனைத் தேடினாள், அண்ணன் ஆண்களோடு வெளியே பந்தலில் இருந்தான். "பிள்ளைத்தாச்சி கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது," என்றார் கனகமணி. "வாங்க, நீங்களும் ரெண்டு போடுங்க." திலகவதி எழுந்தாள். எழும்போது கைப்பிடியில் உள்ளங்கையை வைக்க வேண்டும், விரலை அல்ல, முழங்காலைப் பூட்டிவிடாமல், கொஞ்சம் மிச்சம் வைத்து. நடந்தாள். பாய் வந்தது. தரையில் உட்கார்ந்து ஆறு வருஷமாகிறது. மண்டியிட்டால் சில்லு வெளியே போகலாம், சம்மணம் போட்டால் இடுப்பு, குத்த வைத்தால் கணுக்கால், எதைக் கொடுப்பது என்று சந்தையில் நிற்பவள் மாதிரி ஒரு நிமிஷம் நின்றாள், பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள், "என்னத்த யோசிக்காக?" இடது காலை முன்னால் வைத்து, வலதை மெல்ல மெல்லப் பின்னால் இறக்கினாள். முழங்காலுக்குள் ஒரு நழுவல் தொடங்கி, பாதியில் நின்றது. அப்படியே இருக்கட்டும். அசையாமல் இருந்தால் அப்படியே இருக்கும்.

சிந்துஜாவின் கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. திலகவதி பன்னீர் தெளிக்கவில்லை, நேராகக் கையை எடுத்தாள், எடுத்ததுமே தெரிந்தது. வளையல்களுக்குக் கீழே, கட்டைவிரலின் அடியில், இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு மேடு. "அத்தை," உதடு அசையாமல், சிரிப்புக்கு உள்ளேயிருந்து சிந்துஜா சொன்னாள், "வெளிய வந்துருச்சு. அந்த மாம்பழக்கலர் சேலை அக்கா அமுக்கும்போதே. உள்ள தள்ளி விடுங்க. ஒங்களுக்குத்தான் தெரியும்." கூப்பிட்டது இதற்கு. இருபது வருஷமாக மேஜைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். திலகவதி மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த விரலை அடியில் பிடித்து, மேல்நோக்கி இழுத்து, உருட்டி விட்டாள். சின்னச் சத்தம், சோளப்பொரி வெடித்த மாதிரி, அவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும் கேட்டது. சிந்துஜாவின் கண்ணில் தண்ணீர் வந்து நின்றது, சிரிப்பு அப்படியே இருந்தது. "ரொம்ப நாளாவா?" "கல்யாணத்துக்கு முந்தியே. இப்ப இடுப்பும். ராத்திரி பொரண்டு படுக்க முடியல. அவுககிட்ட சூட்டு வலின்னு சொல்லி வச்சிருக்கேன்." "டாக்டர்கிட்ட?" "அம்மா வேணாம்னுட்டாக." "பயமா இருக்கு அத்தை," என்றாள், அதையும் சிரித்துக்கொண்டே.

தாம்பாளம் பக்கத்தில் வந்தது, மதினிதான் நீட்டினாள், வளையல்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. ரெண்டேகால். எடுத்தால் இந்தக் கை இன்னொரு தடவை இடம் விட வேண்டும், அடுத்தவள், அதற்கடுத்தவள், இன்னும் பாதிக் கூடம் இருக்கிறது. திலகவதி தாம்பாளத்தைத் தொடவில்லை. தன் கட்டைவிரலிலிருந்து வெள்ளியைக் கழற்றினாள். கழற்றியதும் விரல் வெறுமையாக, குளிர்ந்து, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நின்றது. சிந்துஜாவின் விரலில் அதை மெல்லப் போட்டு, மூட்டுக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக வளையங்களைப் பொருத்தினாள். வீக்கத்தில் கொஞ்சம் இறுக்கம், பரவாயில்லை, இறுக்கம்தான் வேண்டும். "அத்தை சீரு வெள்ளியிலயா, பலே," என்று ஒருத்தி சொன்னாள். சிரித்தார்கள். கனகமணி குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "வளையல் போடச் சொன்னா மோதிரம் போடுறீக. இதென்ன, ரெண்டு வளையம் ஒட்டுன மாதிரி?"

ஃபேசன் என்று சொல்லலாம். நாற்காலிக் கிழவிக்குச் சொன்னதுதான், வாயில் தயாராக இருந்தது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தது மாதிரி, ஆறு மாதிரி. சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாதம் தரையில் பட உட்கார்ந்துகொள்ளலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மதினி வீட்டுப் படி இனி ஏற முடியாது. அண்ணன் பேசிக்கலாம் என்றுகூடச் சொல்ல மாட்டான். இவர்கள் இந்தப் பிள்ளையை, தாய் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடலாம், விடுகிற ஆட்களா என்று கனகமணியின் முகத்தில் தேடினாள், கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துப் பழகியவள். இதற்கும் மிச்சம் வைத்தால், அந்த மிச்சம் பிரசவ மேஜையில் கிடக்கும்.

"வெரலு நழுவாம இருக்கப் போடுறது சம்பந்தியம்மா," என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "எனக்கு இருக்கிற நோவு இவளுக்கும் இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. பிரசவத்துல..."

மதினி குலவை போட்டாள். தாம்பாளத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை, கையில் பிடித்தபடியே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க. ஒருத்தி எடுத்துவிட்டால் மற்ற வாய்கள் சும்மா இருக்காது, அதுதான் வழக்கம், எதற்கென்று கேட்க மாட்டார்கள். முன்வரிசை எடுத்தது, பின்வரிசை எடுத்தது, அடுக்களையிலிருந்து ஓடி வந்தவர்கள் எடுத்தார்கள், கூடம் முழுக்க ஒரே நாக்காகச் சுழன்றது. திலகவதியின் வாய் அசைந்தது, அவளுக்கே கேட்கவில்லை. நிறுத்திக்கொண்டாள். பாயில் ஊன்றிய முழங்காலில் பாதியில் நின்ற நழுவல் மீதிப் பாதியைப் போக ஆரம்பித்திருந்தது, எழுந்தால் நிற்கும், எழவில்லை. சிந்துஜாவின் கை அவள் கையைப் பற்றியிருந்தது, வெள்ளி போட்ட விரல் உள்ளங்கையில் அழுந்தியது, சொல்லாதே என்று அழுத்துகிறாளா விடாதே என்று அழுத்துகிறாளா தெரியவில்லை, முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. கனகமணி மட்டும் குலவை போடவில்லை. குனிந்தது குனிந்தபடி, ஒரு காதைத் திருப்பி, திலகவதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குலவை எவ்வளவு நேரம் போகும். மூச்சு இருக்கிற வரைக்கும்தானே. பின்வரிசையில் ஒன்றிரண்டு ஓய்ந்தன. மதினி நடுவில் அவசரமாகக் காற்றை இழுத்து மறுபடி தொடங்கினாள், இந்தத் தடவை குரல் பிசிறியது, தாம்பாளத்திலிருந்து ஒரு வளையல் வழுக்கிப் பாயில் விழுந்து, உடையாமல், உருண்டு, திலகவதியின் முழங்காலில் முட்டி நின்றது. பிரசவத்துல. அந்த இடத்தில் விட்டிருந்தாள். அங்கேயிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தச் சொல்லை நாக்கில் பிடித்துக்கொண்டு, அசையாமல், மதினியின் மூச்சு தீர்வதற்காகக் காத்திருந்தாள்.